தானியங்கு பொருளடக்கம்

தானியங்கு பொருளடக்கம் என்பது, ஓர் ஆவணத்தில் தலைப்புகளாகக் குறிக்கப்பட்ட வரிகளைக் கணினியே திரட்டி, அவற்றின் வரிசையும் படிநிலையும் மாறாமல் அமைத்துத் தரும் பட்டியல் ஆகும். சொற்செயலிகள், வலைப்பக்கங்கள், விக்கிகள், மின்னூல்கள் ஆகியவற்றில் இவ்வசதி பரவலாகப் பயன்படுகிறது. இதற்கு அடிப்படையாக அமைவன தலைப்புப் பாணிகள் எனப்படும் குறியீடுகளாகும். ஒரு வரியைப் பெரிய எழுத்தில் தடிப்பாக அமைப்பதால் மட்டும் அது தலைப்பு ஆகிவிடாது. அவ்வரி தலைப்பு என்று கணினிக்கு அறிவிக்கப்பட வேண்டும். அவ்வாறு அறிவித்தபின் பொருளடக்கம், உள்ளிணைப்புகள், பக்க எண்கள் ஆகியவற்றை மென்பொருளே கவனித்துக்கொள்ளும்.

== அடிப்படைக் கருத்து ==

ஆவணம் ஒன்றில் இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று அதன் கட்டமைப்பு. மற்றொன்று அதன் தோற்றம். எது நூலின் பெயர், எது அத்தியாயத்தின் பெயர், எது உட்பிரிவு, எது பத்தி என்பன கட்டமைப்பைச் சார்ந்தவை. எழுத்துரு, எழுத்தின் அளவு, நிறம், இடைவெளி ஆகியன தோற்றத்தைச் சார்ந்தவை. அச்சிட்ட தாளைப் பார்க்கும் மனிதர், தோற்றத்தைக் கொண்டு கட்டமைப்பை ஊகித்துக்கொள்கிறார். பெரிய எழுத்தில் தனித்து நிற்கும் வரியைத் தலைப்பு என்று உணர்ந்துகொள்கிறார். கணினியால் அவ்வாறு உறுதியாக ஊகிக்க இயலாது. அழுத்தம் தருவதற்காகத் தடிப்பாக்கப்பட்ட ஒரு வாக்கியத்துக்கும், தலைப்பாகக் கருதித் தடிப்பாக்கப்பட்ட ஒரு வரிக்கும் அதன் பார்வையில் வேறுபாடு இல்லை.

பாணி என்பது தோற்றத்தைப் பற்றிய பல அமைப்புகளை ஒரே பெயரின் கீழ்த் தொகுத்து வைக்கும் ஏற்பாடு ஆகும். தலைப்பு 1, தலைப்பு 2, தலைப்பு 3 என்னும் பாணிகள் இதற்கும் மேலாக ஒரு பணியைச் செய்கின்றன. அவை வரியின் தோற்றத்தை மாற்றுவதுடன், அது எந்தப் படிநிலையில் உள்ள தலைப்பு என்னும் தகவலையும் ஆவணத்தில் பதிவு செய்கின்றன. பொருளடக்கத்தை உருவாக்கும் நிரல் இத்தகவலையே தேடுகிறது. எழுத்தின் அளவைப் பார்ப்பதில்லை.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 120 பக்கங்களும் 40 தலைப்புகளும் கொண்ட ஓர் ஆய்வேட்டுக்குப் பொருளடக்கத்தை ஒரு மாணவர் கையால் தட்டச்சு செய்கிறார் எனக் கொள்வோம். பின்னர் இரண்டாம் அத்தியாயத்தில் இரண்டு பக்கங்கள் சேர்க்கப்பட்டால், அதற்குப் பிந்திய எல்லாத் தலைப்புகளின் பக்க எண்களும் பிழையாகிவிடும். அவை ஒவ்வொன்றையும் அவர் மீண்டும் சரிபார்க்க வேண்டும். தலைப்புப் பாணிகளைப் பயன்படுத்தியிருந்தால், புதுப்பிக்கும் கட்டளை ஒன்றே போதுமானது.

== வரலாறு ==

நூலின் உள்ளடக்கத்தைத் தொடக்கத்தில் பட்டியலிடும் வழக்கம் அச்சுக்கலைக்கு மிகவும் முந்தியது. உரோமானிய அறிஞரான மூத்த பிளினி ஏறத்தாழ கி.பி. 77-இல் எழுதிய இயற்கை வரலாறு என்னும் நூல் 37 புத்தகங்களைக் கொண்டது. அதன் முதல் புத்தகத்தின் பெரும்பகுதி, எஞ்சிய 36 புத்தகங்களின் பொருளடக்கம் ஆகும். தேவையானதை மட்டும் தேடிப் படிக்க உதவும் பொருட்டே அதனைச் சேர்த்ததாகக் குறிப்பிடும் பிளினி, வலேரியஸ் சொரானஸ் என்பவர் தமக்கு முன்னரே இம்முறையைக் கையாண்டதையும் பதிவு செய்துள்ளார்.

கணினி வழி ஆவணங்களில் கட்டமைப்பையும் தோற்றத்தையும் பிரிக்க வேண்டும் என்னும் கருத்து 1960களில் எழுந்தது. 1967-இல் வில்லியம் டன்னிக்ளிஃப் என்பவர் கனடாவில் ஆற்றிய உரை ஒன்றில் இதனை முன்வைத்தார். 1969-இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி ஆகியோர் ஜி.எம்.எல். என்னும் குறிமொழியை உருவாக்கினர். இதன் வழிவந்த எஸ்.ஜி.எம்.எல். 1986-இல் பன்னாட்டுச் சீர்தர அமைப்பின் தரமாக ஏற்கப்பட்டது.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிரையன் ரீட் உருவாக்கிய ஸ்கிரைப் மென்பொருளும், லெஸ்லி லாம்போர்ட் 1980களின் முற்பகுதியில் உருவாக்கிய லாடெக் மென்பொருளும் இக்கருத்தை ஆய்வாளர்களிடையே பரப்பின. லாடெக்கில் எழுதுபவர், இது அத்தியாயம், இது பிரிவு, இது உட்பிரிவு என்று மட்டும் குறிக்கிறார். எண்ணிடுதலும் பொருளடக்கமும் மென்பொருளின் பொறுப்பாகின்றன.

இணையத்தைப் பொறுத்தவரை, ஜெனீவாவுக்கு அருகில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பேர்னர்ஸ்-லீ 1991-இல் வெளியிட்ட எச்.டி.எம்.எல். குறிச்சொற்களின் முதற் பட்டியலிலேயே தலைப்புக் குறிச்சொற்கள் இடம்பெற்றிருந்தன. எச்1 முதல் எச்6 வரையான அந்த ஆறு நிலைகளும் இன்றளவும் வழக்கில் உள்ளன.

உலாவிக்குள்ளேயே இயங்கும் சொற்செயலிகள் 2000களின் நடுப்பகுதியில் தோன்றின. 2005-இல் வெளிவந்த ரைட்லி என்னும் சேவையை 2006-இல் கூகிள் நிறுவனம் வாங்கியது. அதுவே பின்னர் கூகிள் டாக்ஸ் ஆனது. மைக்ரோசாப்ட் நிறுவனம் தனது அலுவலக மென்பொருள்களின் இணையவழிப் பதிப்புகளை 2010-இல் வெளியிட்டது.

== செயற்படும் முறை ==

மென்பொருள்கள் பலவாயினும், பொருளடக்கத்தை உருவாக்கும் வழிமுறை பெரும்பாலும் ஒன்றே. அதன் படிகள் பின்வருமாறு:

# ஆவணம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை வரிசையாகப் படிக்கப்படுகிறது.
# தலைப்புப் பாணி இடப்பட்ட பத்தி எதிர்ப்படும்போது, அதன் உரையும் நிலை எண்ணும் குறித்துக்கொள்ளப்படுகின்றன.
# அத்தலைப்புக்கு ஒரு தனித்த அடையாளப் பெயர் வழங்கப்படுகிறது. இது நங்கூரம் எனப்படும். பொருளடக்க வரியைச் சொடுக்கும்போது உலாவி தாவிச் செல்லும் இடம் இதுவே.
# புதிய தலைப்பின் நிலை முந்தையதைவிட ஆழமானதாயின், அது முந்தையதன் கிளையாகச் சேர்க்கப்படுகிறது. அதே நிலையாயின் உடன் வரிசையில் வைக்கப்படுகிறது. மேலான நிலையாயின் உரிய கிளைக்குத் திரும்பிச் சென்று சேர்க்கப்படுகிறது.
# இவ்வாறு உருவான மரம் போன்ற அமைப்பு, உள்தள்ளலுடன் கூடிய பட்டியலாகக் காட்டப்படுகிறது.

அச்சிடத்தக்க ஆவணங்களில் இன்னும் ஒரு படி தேவைப்படுகிறது. ஒரு தலைப்பு எந்தப் பக்கத்தில் விழுகிறது என்பது, ஆவணம் முழுவதும் பக்கங்களாகப் பிரிக்கப்பட்ட பின்னரே தெரியவரும். ஆனால் பொருளடக்கமோ ஆவணத்தின் தொடக்கத்தில் இடம்பெறுகிறது. அதுவும் பக்கங்களை எடுத்துக்கொள்கிறது. இச்சிக்கலை லாடெக் இருமுறை ஓடித் தீர்க்கிறது. முதல் ஓட்டத்தில் தலைப்புகளும் பக்க எண்களும் துணைக்கோப்பு ஒன்றில் எழுதப்படும். இரண்டாம் ஓட்டத்தில் அக்கோப்பு படிக்கப்பட்டுப் பொருளடக்கம் அச்சாகும். பொருளடக்கம் சேர்ந்ததால் பக்கங்கள் நகர்ந்திருப்பின் மூன்றாம் ஓட்டமும் தேவைப்படும்.

மைக்ரோசாப்ட் வேர்டில் பொருளடக்கம் புலம் என்னும் வகையைச் சேர்ந்தது. புலம் என்பது கட்டளை ஒன்றையும், அக்கட்டளை கடைசியாக இயங்கியபோது கிடைத்த விடையையும் தாங்கி நிற்கும் இடம் ஆகும். திரையில் தெரிவது அந்தப் பழைய விடையே. ஆகையால் ஆவணத்தில் மாற்றம் செய்தவுடன் பொருளடக்கம் தானாக மாறிவிடுவதில்லை. தானியங்கு என்னும் சொல் பட்டியல் உருவாகும் முறையைக் குறிக்கிறதே அன்றி, அது எந்நேரமும் புதுப்பிக்கப்பட்டிருக்கும் என்பதைக் குறிப்பதன்று.

== தலைப்பு நிலைகள் ==

தலைப்பு நிலைகள் உள்ளடக்கத்தின் படிநிலையைக் காட்ட வேண்டும். இதற்குத் திருக்குறள் நல்ல எடுத்துக்காட்டு ஆகும். திருக்குறளை ஓர் இணைய ஆவணமாகத் தொகுப்பதாயின், நூலின் பெயருக்கு ஆவணப் பெயருக்கான பாணியை இடலாம். அறத்துப்பால், பொருட்பால், காமத்துப்பால் ஆகிய மூன்றும் தலைப்பு 1 ஆகும். அதிகாரங்களின் பெயர்கள் தலைப்பு 2 ஆகும். அறத்துப்பாலின் கீழ் 38, பொருட்பாலின் கீழ் 70, காமத்துப்பாலின் கீழ் 25 என 133 அதிகாரங்கள் அமையும். உருவாகும் பொருளடக்கத்தில் 3 பால்களும் 133 அதிகாரங்களும் சேர்ந்து 136 வரிகள் இருக்கும். குறட்பாக்கள் சாதாரண உரைப் பாணியிலேயே இருக்க வேண்டும். அவற்றுக்கும் தலைப்பு 3 இட்டால், 1330 வரிகள் கூடுதலாகச் சேர்ந்து, பொருளடக்கம் நூலையே திரும்ப எழுதியது போலாகிவிடும்.

நிலைகளைப் பயன்படுத்துகையில் கவனிக்க வேண்டியவை:

* நிலைகளை இடையில் தாண்டலாகாது. தலைப்பு 1-க்கு அடுத்து ஆழமாகச் செல்லும்போது தலைப்பு 2 வர வேண்டும். தலைப்பு 3 அன்று. ஆழத்திலிருந்து மேலே திரும்பும்போது தாண்டலாம்.
* எழுத்தின் அளவு பிடிக்கவில்லை என்பதற்காக வேறு நிலையைத் தேர்ந்தெடுக்கலாகாது. உரிய நிலையை இட்டு, அப்பாணியின் தோற்றத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.
* தலைப்பு சுருக்கமாக இருத்தல் நன்று. தலைப்பின் முழு உரையும் பொருளடக்கத்துக்குச் செல்லும்.
* பெரும்பாலான ஆவணங்களுக்கு மூன்று நிலைகளே போதுமானவை. வேர்டின் பொருளடக்கமும் இயல்பாக மூன்று நிலைகளையே காட்டுகிறது.

== இணையவழிச் சொற்செயலிகளில் ==

=== கூகிள் டாக்ஸ் ===

கூகிள் டாக்சில் சாதாரண உரை, ஆவணப் பெயர், துணைப்பெயர் ஆகிய பாணிகளுடன், தலைப்பு 1 முதல் தலைப்பு 6 வரையான பாணிகளும் உள்ளன. தலைப்பாக வேண்டிய வரியில் சுட்டியை வைத்து, கருவிப்பட்டையில் எழுத்துருப் பெயருக்கு இடப்புறம் உள்ள பெட்டியிலிருந்து பாணியைத் தேர்ந்தெடுக்கலாம். விண்டோஸ் கணினிகளில் கண்ட்ரோல், ஆல்ட் விசைகளுடன் 1 முதல் 6 வரையான எண் ஒன்றை அழுத்தியும் இதனைச் செய்யலாம். 0 அழுத்தினால் வரி சாதாரண உரையாக மாறும்.

பொருளடக்கம் வர வேண்டிய இடத்தில் சுட்டியை வைத்து, இன்சர்ட் எனப்படும் செருகல் பட்டியில் பொருளடக்கத்துக்கான கட்டளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்க எண்களுடன் கூடிய வடிவம், இணைப்புகளாக அமைந்த வடிவம் ஆகியன கிடைக்கின்றன. அச்சிடப்போகும் ஆவணத்துக்கு முன்னதும், திரையில் மட்டும் படிக்கப்படும் ஆவணத்துக்குப் பின்னதும் பொருந்தும். 2022-இல் பக்கப் பிரிப்பு இல்லாத ஆவண வடிவமும் அறிமுகமானது. அவ்வடிவில் பக்க எண்ணுக்குப் பொருள் இல்லை, இணைப்புகளே வழிகாட்டும். தலைப்புகளை மாற்றிய பின்னர், பொருளடக்கத்தைச் சொடுக்கினால் தோன்றும் புதுப்பிப்புக் குறியை அழுத்த வேண்டும்.

தலைப்பின் தோற்றத்தை மாற்ற விரும்பினால், ஒரு தலைப்பை விரும்பியவாறு அமைத்துவிட்டு, அதற்கு ஏற்ப அப்பாணியைப் புதுப்பிக்குமாறு பாணிப் பெட்டியில் கட்டளையிடலாம். அதே நிலையில் உள்ள மற்றத் தலைப்புகளும் உடனே மாறும்.

=== இணையத்துக்கான மைக்ரோசாப்ட் வேர்ட் ===

இதில் தலைப்புப் பாணிகள் ஹோம் எனப்படும் முகப்புத் தத்தலில் உள்ளன. ரெஃபரன்சஸ் என்னும் தத்தலில் பொருளடக்கத்தைச் செருகவும் புதுப்பிக்கவும் கட்டளைகள் உள்ளன. புள்ளிக்கோட்டின் வகை, காட்ட வேண்டிய நிலைகள் முதலிய நுணுக்கங்களை மாற்றுவதற்கு, அதே கோப்பை மேசைக்கணினிப் பதிப்பில் திறக்க வேண்டும். மேசைக்கணினிப் பதிப்பில் புதுப்பிக்கும்போது, பக்க எண்களை மட்டும் மாற்றுவதா, பட்டியல் முழுவதையும் மாற்றுவதா என்னும் கேள்வி எழும். தலைப்பு ஏதேனும் சேர்க்கப்பட்டோ நீக்கப்பட்டோ திருத்தப்பட்டோ இருந்தால் இரண்டாவதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

=== லிப்ரே ஆபிஸ் ரைட்டர் ===

2010-இல் ஓப்பன் ஆபிசிலிருந்து கிளைத்த கட்டற்ற மென்பொருளான லிப்ரே ஆபிஸ், மேசைக்கணினியில் இயங்குவது. கண்ட்ரோல் விசையுடன் எண்ணை அழுத்தித் தலைப்புப் பாணிகளை இடலாம். இதில் உருவாகும் பொருளடக்கம், கைத்திருத்தங்களுக்கு எதிராக இயல்பாகவே பூட்டப்பட்டிருக்கும். பொருளடக்கத்தில் கையால் செய்யும் திருத்தம் அடுத்த புதுப்பித்தலில் அழிந்துவிடும் என்பதே இதற்குக் காரணம். திருத்தத்தைத் தலைப்பிலேயே செய்ய வேண்டும்.

== வலைப்பக்கங்களிலும் விக்கிகளிலும் ==

வலைப்பக்கங்களில் தலைப்புப் பாணிகளின் இடத்தை எச்1 முதல் எச்6 வரையான குறிச்சொற்கள் வகிக்கின்றன. தோற்றத்தை சி.எஸ்.எஸ். எனப்படும் பாணித்தாள் மொழி தனியே தீர்மானிக்கிறது. பொருளடக்கத்தை இரு வகையில் உருவாக்கலாம். வழங்கியில் பக்கம் உருவாகும்போதே அதனைச் சேர்ப்பது ஒரு வகை. பக்கம் உலாவியில் திறந்த பின்னர், ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தலைப்புகளைத் திரட்டி அமைப்பது மற்றொரு வகை. முன்னதில், ஜாவாஸ்கிரிப்ட் முடக்கப்பட்டிருந்தாலும் பொருளடக்கம் தெரியும்.

எழுதுபவர் நிலை எண்களைப் பற்றிக் கவலைப்படத் தேவையின்றி, பகுதிகள் ஒன்றனுள் ஒன்றாக அமைந்துள்ள ஆழத்தைக் கொண்டு உலாவியே தலைப்பு நிலையைக் கணக்கிடும் ஒரு வழிமுறை 2014-இல் பரிந்துரையான எச்.டி.எம்.எல்.5-இல் விவரிக்கப்பட்டிருந்தது. ஆயினும் உலாவிகள் அதனை நடைமுறைப்படுத்தவில்லை. 2022-இல் அவ்வழிமுறை எச்.டி.எம்.எல். தரத்திலிருந்து நீக்கப்பட்டது. எனவே சரியான நிலை எண்ணை இடுவது இன்றும் எழுதுபவரின் பொறுப்பே ஆகும்.

விக்கிப்பீடியாவில் பயன்படும் மீடியாவிக்கி மென்பொருளில், வரியின் இருபுறமும் இரண்டிரண்டு சமக்குறிகளை இட்டால் அது இரண்டாம் நிலைத் தலைப்பாகும். மும்மூன்று இட்டால் மூன்றாம் நிலையாகும். முதல் நிலை பக்கத்தின் பெயருக்கு உரியது என்பதால் கட்டுரைக்குள் அது பயன்படுத்தப்படுவதில்லை. நான்கோ அதற்கு மேலோ தலைப்புகள் இருந்தால் பொருளடக்கப் பெட்டி கட்டுரையில் தானாகத் தோன்றுவது இம்மென்பொருளின் நெடுங்கால வழக்கம் ஆகும். வெக்டர் 2022 என்னும் தோற்றத்தில் பொருளடக்கம் பக்கத்தின் ஓரத்துக்கு மாற்றப்பட்டுள்ளது.

ஒரு பக்கத்தில் ஒரே பெயருடன் இரு தலைப்புகள் இருப்பின், இரண்டாவதன் நங்கூரப் பெயருடன் எண் ஒன்று சேர்க்கப்படுகிறது. தலைப்பின் உரையிலிருந்தே நங்கூரம் பிறப்பதால், தலைப்பை மாற்றினால் நங்கூரமும் மாறும். அப்பகுதிக்கு வேறு பக்கங்களிலிருந்து கொடுக்கப்பட்ட இணைப்புகள் அதன்பின் பக்கத்தின் தொடக்கத்தில் நின்றுவிடும்.

== தமிழ் ஆவணங்களில் எழும் சிக்கல்கள் ==

தமிழ் ஆவணங்களில் தானியங்கு பொருளடக்கம் அமைக்கும்போது சில தனிச்சிக்கல்கள் எழுகின்றன.

=== ஒருங்குறி அல்லாத எழுத்துருக்கள் ===

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துகளுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் எழுத்துகளின் வடிவங்கள் வரையப்பட்டுள்ளன. கோப்பில் சேமிக்கப்படுவது ஆங்கிலக் குறியீடே. எழுத்துரு மட்டுமே அதனைத் தமிழாகக் காட்டுகிறது. வேர்டில் தலைப்பு 1 பாணிக்குப் பாமினி எழுத்துருவை அமைத்தால் தலைப்பு சரியாகத் தெரியும். ஆனால் பொருளடக்க வரிகள் தமக்கெனத் தனியான பாணிகளைக் கொண்டவை. அப்பாணிகளுக்கு வேறு எழுத்துரு அமைந்திருப்பின், பொருளடக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த பொருளற்ற கோவையாகத் தோன்றும். பொருளடக்கப் பாணிகளுக்கும் அதே எழுத்துருவை அமைப்பது தற்காலிகத் தீர்வு. உரையை ஒருங்குறிக்கு மாற்றுவதே நிலையான தீர்வு.

தமிழ் 1991 முதலே ஒருங்குறியில் இடம்பெற்றுள்ளது. தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியைத் தனது குறியேற்றத் தரங்களுள் ஒன்றாக ஏற்றது. எனினும் பழைய குறியேற்றங்களில் உருவான கோப்புகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன.

=== சிக்கலான எழுத்துமுறை அமைப்பு ===

வேர்டும் லிப்ரே ஆபிசும் தமிழைச் சிக்கலான எழுத்துமுறைகளுள் ஒன்றாக வகைப்படுத்துகின்றன. ஒவ்வொரு பாணியிலும் இலத்தீன் எழுத்துகளுக்கு ஓர் எழுத்துருவும், இவ்வகை எழுத்துமுறைகளுக்கு மற்றோர் எழுத்துருவும் தனித்தனியே பதிவாகின்றன. எழுத்தின் அளவும் அவ்வாறே. பாணியில் எழுத்துருவை மாற்றியும் தமிழ்த் தலைப்பு மாறவில்லை என்றால், இலத்தீன் எழுத்துக்கான அமைப்பு மட்டும் மாற்றப்பட்டிருக்கக்கூடும். பாணியின் எழுத்துரு உரையாடல் பெட்டியில் சிக்கலான எழுத்துமுறைக்கு உரிய பகுதியையும் மாற்ற வேண்டும்.

=== தமிழ் நங்கூரங்கள் ===

ஒருங்குறியின் யு.டி.எஃப்-8 குறியேற்றத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 எண்ணுண்மிகளை எடுத்துக்கொள்கிறது. மீடியாவிக்கியின் முந்தைய முறையில், ஒவ்வோர் எண்ணுண்மியும் ஒரு புள்ளியும் இரண்டு பதினறும இலக்கங்களுமாக எழுதப்பட்டது. அதன்படி ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 9 இடங்கள் தேவைப்பட்டன. உயிர்மெய்யில் வரும் ஒட்டுக்குறியும் ஒரு குறியீடாகவே கணக்கிடப்படும். எனவே வரலாறு என்னும் சொல் 6 குறியீடுகளைக் கொண்டது. அதன் நங்கூரம் 54 எழுத்துகளாக நீண்டது. 2017-இல் தமிழ் எழுத்துகளையே நங்கூரமாகப் பயன்படுத்தும் முறை மீடியாவிக்கியில் அறிமுகமானது. ஆயினும் முகவரியை நகலெடுத்து வேறோரிடத்தில் ஒட்டும்போது, சில மென்பொருள்களில் அது விழுக்காட்டுக் குறிகள் நிறைந்த நீண்ட வடிவில் தோன்றலாம். தோற்றம் வேறாயினும் இணைப்பு வேலை செய்யும்.

== அணுகுதன்மை ==

தலைப்புப் பாணிகளின் பயன் பொருளடக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. பார்வையற்றோரும் பார்வைக் குறைபாடு உடையோரும், உரையை ஒலியாகப் படித்துக் காட்டும் திரைபடிப்பான் மென்பொருள்களைப் பயன்படுத்துகின்றனர். கண்ணால் படிப்பவர் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்துத் தேவையான பகுதியைக் கண்டுகொள்வார். செவியால் படிப்பவருக்கு அவ்வசதி இல்லை. தலைப்புகளிலிருந்து தலைப்புகளுக்குத் தாவுவதே அதற்கு ஈடான வழியாகும்.

2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட கட்டற்ற திரைபடிப்பானான என்.வி.டி.ஏ.-இல், எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குச் செல்லலாம். ஷிஃப்ட் விசையுடன் அழுத்தினால் முந்தைய தலைப்புக்குத் திரும்பலாம். 1 முதல் 6 வரையான எண்கள் அந்தந்த நிலைத் தலைப்புகளுக்கு இட்டுச் செல்லும். இதனுடன் வரும் இ-ஸ்பீக் என்னும் பேச்சுப்பொறி தமிழையும் படிக்கும். தடிப்பெழுத்தில் மட்டும் தலைப்புகள் அமைந்த ஆவணத்தில், எச் விசையை எத்தனை முறை அழுத்தினாலும், தலைப்பு இல்லை என்னும் விடையே கிடைக்கும். அப்படிப்பட்ட 120 பக்க ஆவணத்தில் ஐந்தாம் அத்தியாயத்தை அடைய விரும்புபவர், தேட வேண்டிய சொல் முன்கூட்டியே தெரியாவிட்டால், தொடக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே வர வேண்டியிருக்கும்.

இதனாலேயே உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2008-இல் வெளியிட்ட வலை உள்ளடக்க அணுகுதன்மை வழிகாட்டுதல்கள் 2.0, தோற்றத்தால் உணர்த்தப்படும் கட்டமைப்பு நிரல்களாலும் அறியப்படத்தக்கதாக இருக்க வேண்டும் என வரையறுக்கிறது. ஆவணத்தை பி.டி.எஃப். கோப்பாக மாற்றும்போதும் இது பயன்படுகிறது. வேர்டும் லிப்ரே ஆபிசும் தலைப்புகளை பி.டி.எஃப். கோப்பின் ஓரத்தில் தெரியும் நூற்குறிகளாக மாற்றித் தர வல்லவை. மின்னூல் வடிவங்களின் வழிசெலுத்தல் பட்டியலையும் தலைப்புகளிலிருந்தே உருவாக்கலாம்.

== பொதுவான பிழைகள் ==

* தடிப்பெழுத்தைத் தலைப்பாகக் கொள்ளல்: கூட்டாக எழுதப்படும் ஆவணங்களில் இது மிகுதி. ஒருவர் பாணியையும் மற்றொருவர் தடிப்பெழுத்தையும் பயன்படுத்தினால், பின்னவரின் பகுதிகள் பொருளடக்கத்தில் இடம்பெறா. தலைப்புப் பாணிகளைப் பயன்படுத்துவது பற்றி எழுதத் தொடங்கும் முன்னரே உடன்பாடு கொள்வது நல்லது.
* வெற்று வரிக்குத் தலைப்புப் பாணி இடல்: இடைவெளிக்காக விடப்படும் வெற்று வரிகளில் பாணி தங்கிவிட்டால், திரைபடிப்பான்கள் அதனை வெற்றுத் தலைப்பாக அறிவிக்கக்கூடும்.
* பத்தி முழுவதும் தலைப்பாதல்: தலைப்பின் முடிவில் என்டர் விசையை அழுத்தாமல், ஷிஃப்ட் விசையுடன் சேர்த்து அழுத்தினால் வரி முறியுமேயன்றிப் பத்தி முறியாது. பாணி பத்தி முழுவதற்கும் உரியது என்பதால், தொடர்ந்து வரும் உரையும் பொருளடக்கத்துக்குச் சென்றுவிடும்.
* எண்களைக் கையால் இடல்: தலைப்பு எண்களைத் தட்டச்சு செய்தால், இடையில் ஒரு பகுதி சேரும்போது அவை தவறிவிடும். தலைப்புப் பாணிகளுடன் இணைந்த எண்ணிடும் வசதியைப் பயன்படுத்த வேண்டும்.
* புதுப்பிக்காமல் அனுப்புதல்: அச்சிடுவதற்கோ அனுப்புவதற்கோ முன்னர், கடைசிச் செயலாகப் பொருளடக்கத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

== வரம்புகள் ==

தானியங்கு பொருளடக்கம் தலைப்புகளைத் திரட்டித் தருமே அன்றி, அவை பொருத்தமானவையா என்று ஆராயாது. முன்னுரை, மேலும் சில, பிற என்னும் தலைப்புகள் நிறைந்த ஆவணத்தின் பொருளடக்கம், பிழையின்றி உருவாகியும் படிப்பவருக்கு வழிகாட்டாது. தலைப்புகளை மட்டும் தனியே படித்தால் ஆவணத்தின் போக்கு விளங்குகிறதா என்று பார்ப்பது, பொருளடக்கத்தையும் ஆவணத்தையும் ஒருங்கே சோதிக்கும் எளிய வழியாகும்.

பொருளடக்கம் சொல்லடைவுக்கு மாற்றாகாது. எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்பதைப் பொருளடக்கமும், ஒரு சொல்லோ பெயரோ எந்தெந்தப் பக்கங்களில் பேசப்படுகிறது என்பதைச் சொல்லடைவும் காட்டுகின்றன. சொல்லடைவு உருவாக்க, குறிக்க வேண்டிய சொற்களை எழுதுபவர் தனியே அடையாளமிட வேண்டும். ஓரிரு பக்கங்களே கொண்ட ஆவணத்துக்குப் பொருளடக்கம் தேவைப்படுவதில்லை. ஆயினும் அத்தகைய சிறு ஆவணத்திலும் தலைப்புப் பாணிகளை இடுவது, திரைபடிப்பான் கொண்டு படிப்பவருக்கும், பின்னாளில் ஆவணத்தை விரிவாக்குபவருக்கும் பயன்படும்.